கட்டங்களின் ஓரத்தில்

மின்விசிறியை அணைக்க வேண்டாம். அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இல்லை. எங்கள் ஆபீசில் சர்வர் அறையில் இதைவிடச் சத்தம் இருக்கும். அதன் நடுவில் உட்கார்ந்துதான் நான் நன்றாக வேலை செய்திருக்கிறேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியும், சிவாஜிநகரில் வளர்ந்தவர் என்று வெளியே நின்ற கான்ஸ்டபிள் சொன்னார். நல்லது. என் வேலையைக் கன்னடத்தில் விளக்க எனக்கு வராது. ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர்கள் பாதியிலேயே தலையாட்டிவிடுகிறார்கள். தமிழில் சொன்னால் புரியவில்லை என்று நீங்கள் கூச்சமில்லாமல் கேட்கலாம். புரிந்துகொண்டு எழுதினால்தான் நான் கையெழுத்துப் போடுவதற்கு அர்த்தம் இருக்கும்.

என் பெயர் மதியழகன். கோலார் தங்கவயலில் பிறந்தவன். தொம்மலூரில் ஒரு மேப்பிங் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நகரத்து மண்ணுக்கு அடியில் ஓடும் மின்சாரக் கேபிள்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது எங்கள் வேலை. பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து, அவற்றின் மேல் மவுஸால் கோடு போடுவார்கள். ஒரு கேபிளுக்கு ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு பதிவு. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, அந்தப் பதிவைக் கடைசியாகத் தொட்டவர் யார், எல்லாம் அதில் இருக்கும். தெருவைத் தோண்ட வருகிற கான்ட்ராக்டர் எங்களிடம் அந்தத் தெருவின் படத்தை வாங்கிக்கொண்டு போவார். கோடு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் தோண்டுவார். இரண்டாயிரத்து மூன்றில் பெங்களூரில் தோண்டாத தெரு இல்லை. உங்களுக்கே நினைவிருக்கும். ஆளாளுக்கு ஃபைபர் கேபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு குறை தெரிந்தது. மொத்தப் படமும் வடக்கே தள்ளி இருந்தது. ஒரு ஆள் கையை மேலே நீட்டிப் படுத்தால் வருகிற தூரம்தான். அடிப்படையாக வைத்துக்கொண்ட சர்வே புள்ளியில் பிழை. எல்லாக் கோடுகளையும் தெற்கே ஒரே அளவு நகர்த்த வேண்டும்.

எனக்கு முன்னால் ஹரிஷ்குமார் என்று எங்கள் குழுவில் ஒருவர் முயன்றார். எல்லாவற்றையும் நகர்த்து என்று ஒரே கட்டளையாக எழுதி ஓடவிட்டார். மெஷின் காலையிலிருந்து மூச்சுமுட்டி மாலையில் நின்றுவிட்டது. நின்றதும் அதுவரை செய்ததையெல்லாம் தானே கழற்றிப்போட்டுவிட்டுப் பழைய நிலைக்குப் போனது. எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் கஸ்தூரிரங்கன் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏம்ப்பா, ஊரையே ஒரே லாரியில ஏத்தினா அச்சு முறியாதா?"

"சின்ன ஷிஃப்ட்தானே சார்னு நெனச்சேன்."

"சின்னதுதான். அடுத்த தடவ கப்பன் பார்க்கையும் சேத்து ஏத்து."

அந்த வேலை எனக்கு வந்தது.

ஒரு நல்ல அப்டேட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். இது தெரியாவிட்டால் மற்றது புரியாது. ஒரு பதிவை மாற்றச் சொன்னால், மெஷின் பழையதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுகிறது. அதோடு இண்டெக்ஸையும் திருத்துகிறது. இண்டெக்ஸ் என்பது எந்தக் கோடு ஊரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சட்டென்று எடுத்துக்கொடுக்கும் ஏற்பாடு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் இவ்வளவும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே நான் ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தை எடுப்பது, அதில் வரும் கோடுகளை நகர்த்துவது, உறுதி செய்வது, அடுத்த கட்டத்துக்குப் போவது. ஒரு கோடு கட்டத்துக்குள் வருகிறதா என்று அதன் வளைவு நெளிவெல்லாம் பார்த்தால் நேரம் போகும். ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் ஒரு செவ்வகம் இருப்பதாக மெஷின் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கும். அந்தச் செவ்வகம் கட்டத்தைத் தொடுகிறதா என்று மட்டும் கேட்டேன். தொட்டால் நகர்த்து. அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் பெங்களூர் முழுவதும் தெற்கே நகர்ந்திருந்தது. கஸ்தூரிரங்கன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மதி, ஊர அலுங்காமத் தூக்கி வச்சிட்டய்யா" என்றார். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தக் குவெரியைத்தான், அதாவது நான் எழுதிய அந்தக் கட்டளையைத்தான், எடுத்துக் காட்டுவார். என் வாழ்க்கையில் அப்படிப் பேர் சொல்லும்படி நான் செய்தது அது ஒன்றுதான்.

இனி என் அண்ணன். ஜெயவேலு. சுரங்கத்தை மூடும்வரை அதில் வேலை செய்தவர். மூடிய பிறகு, தங்கவயலில் பாதிப் பேரைப் போல விடியற்கால ரயிலேறி பெங்களூர் வந்து கிடைத்ததைச் செய்தார். கடைசியில் நஞ்சுண்டப்பா என்ற கான்ட்ராக்டரிடம் தெரு தோண்டும் ஆட்களுக்குத் தலைவராகச் சேர்ந்தார்.

நஞ்சுண்டப்பா நல்ல கான்ட்ராக்டர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூலியில் கை வைக்க மாட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுத் தெருவில் வேலை தொடங்கும்போது ஈசானிய மூலையில், அதாவது பள்ளம் வெட்டப்போகிற இடத்தின் வடகிழக்கு முனையில், தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைப்பார். பிறகு குங்குமம் வைத்த கடப்பாரையைத் தானே எடுத்து முதல் குத்துக் குத்துவார். வேறு யாரையும் குத்த விட மாட்டார். முழுப் பலத்தோடு குத்துவார். அரைகுறையாகக் குத்தினால் வேலை அரைகுறையாகும் என்பது அவர் நம்பிக்கை.

"மொதல் அடி என்னுது" என்பார். "பூமித்தாய்க்குக் கோபம் வந்தா எம்மேல வரட்டும். கூலிக்காரன் மேல எதுக்கு?"

நாங்கள் பௌத்தர்கள். அண்ணனுக்கு எலுமிச்சம்பழத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சிரிக்க மாட்டார். தேங்காய் மூடியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஒருமுறை இருவரும் படம் வாங்க ஆபீசுக்கு வந்தார்கள். அண்ணன் என் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ ஒயராடா ஓடுது கீழ?"

"ஆமாண்ணா."

"நாங்க கீழ எறங்கினா லெவல் லெவலாப் போவோம். நீங்க இடுப்பளவுக் குழிக்கே ஏசி போட்டு ஒக்காந்து யோசிக்கிறீங்க."

கோடு போடும் பெண்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. திரையில் விரலை வைத்து, "இது நீ போட்டதா?" என்றார்.

"போட்டது அவங்க. சரியான எடத்துக்கு நகத்தினது நான்."

"தப்பிருக்காதே?"

"இருக்காதுண்ணா."

"அப்ப கண்ண மூடிக்கிட்டுக் கடப்பாரையப் போடலாம்னு சொல்லு."

நஞ்சுண்டப்பா அவர் முதுகில் தட்டினார். "தம்பி மேப்புன்னா இனிமே பூஜையே வேணாம் போல, ஜெயவேலு."

"வேணாம் மொதலாளி. எலுமிச்சம்பழச் செலவு மிச்சம்."

சிவாஜிநகரில் துணிக்கடைகள் இருக்கும் ஒரு சந்தில் அது நடந்தது. நஞ்சுண்டப்பா முதல் குத்துக் குத்தி, வேலை பாதித் தெருவுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் பள்ளம் வெட்டுவதற்கு முன் சோதனைக் குழி போட வேண்டும் என்று விதி. மண்வெட்டியால் மெதுவாக, கையளவுக் குழி. படத்தில் இல்லாதது எதுவும் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கடைக்காரர்கள் வியாபாரம் போகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். சோதனைக் குழி வேண்டாம், இது என் தம்பி படம் என்று அண்ணன் சொன்னாராம். நஞ்சுண்டப்பா சரி என்றாராம். தெருவின் வடபக்கத்தில் அண்ணன் கடப்பாரையைப் போட்டார். அது மின்சாரக் கேபிளில் இறங்கியது.

ஆபீசுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் அந்தச் சந்தைத் திரையில் திறந்து பார்த்தேன். கோடு தென்பக்கம் இருந்தது. அண்ணன் குத்தியதாகச் சொன்ன இடம் காலியாக இருந்தது. பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அண்ணனின் அடக்கம் தங்கவயலில். நஞ்சுண்டப்பா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலில் தள்ளி நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், மேப்பு தப்பு."

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அவர் முன்னால் வந்து நின்றார்.

"நான் கண்ணால பாத்தேன் சார். ஒயரு வடக்குப் பக்கம் கெடந்துச்சு. சுள்ளு, பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? குழி போடாம விட்டேன், அது என் தப்பு, எங்க வேணாலும் வந்து ஒத்துக்கறேன். ஆனா மேப்பு தப்பு. இன்னொருத்தன் சாகறதுக்குள்ள பாருங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் அண்ணி ரஞ்சிதம் அருகிலிருந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது.

"தம்பி, அவரு சொல்றது நெஜமா?"

"இல்ல அண்ணி."

"நீங்க போட்ட படம், நீங்க போட்ட படம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிவாரு."

"படத்துல தப்பு இல்ல அண்ணி. இவுரு குழி போடாம வேலய நடத்திட்டாரு. அதான்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நஞ்சுண்டப்பாவைத் தாண்டிப் போனார். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அண்ணி என்னை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் பொறுப்பு. நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம் அது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தில் யார் செத்தாலும் கம்பெனி ஒரே வாசகம்தான் எழுதும். தொழிலாளியின் கவனக்குறைவு. எங்கள் அப்பாவுக்கும் அதைத்தான் எழுதினார்கள். அந்த வாசகம் எங்கள் வீட்டுக்குள் இன்னொரு முறை வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். சிவாஜிநகர் சம்பவத்தை விசாரித்தவர்கள் எங்கள் கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். படம் சரியா? கஸ்தூரிரங்கன் அதை என்னிடம் அனுப்பினார். சரி என்று பதில் எழுதினேன். படம் சரி என்றால், தப்பு தோண்டியவனுடையது. அண்ணன் பெயருக்கு நேராக அதே வாசகத்தைப் போட்டார்கள்.

அதற்கும் காரணம் நஞ்சுண்டப்பாதான். அன்றைக்கு அவர் குழி போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அவர் விடவில்லை. ஆபீசுக்கு வந்துகொண்டே இருந்தார். வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால், அந்தச் சந்தை மறுபடி அளந்து பாருங்கள் என்பார். கஸ்தூரிரங்கன் என்னைக் கூப்பிட்டு, "பாவம், மனசு கேக்கல போலருக்கு அந்தாளுக்கு. நீயே பேசி அனுப்பு" என்பார். நான் பேசி அனுப்புவேன். அவர் என்னை ஒருமுறைகூடக் குற்றம் சொன்னதில்லை. மேப்பு தப்பு என்று மட்டும் சொல்வார். குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது என்று தோன்றுகிறது.

இந்த நேரத்தில் சௌம்யா என்று ஒரு பெண் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தாள். தரவைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு நாள் என்னைத் தன் திரைக்குக் கூப்பிட்டாள்.

"சார், பழைய காப்பி மேல புதுச போட்டுப் பாத்தேன். எல்லா லைனும் ஒரே அளவு நகந்திருக்கு. இது மட்டும் டபுளாப் போயிருக்கு."

"எதெது?"

"கட்டத்தோட ஓரத்துல இருக்கறது எல்லாம் சார். ஒரு லைன் ரெண்டு கட்டத்தையும் தொட்டா, அந்தக் கட்டம் வரும்போது ஒரு தடவ, இந்தக் கட்டம் வரும்போது ஒரு தடவ. ரெண்டு தடவ நகந்திருச்சு. செம பக் சார் இது."

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஒளிந்திருந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தாள். வரிசையாகத் தெருக்களின் பெயரைக் காட்டினாள். அடையாறு ஆனந்தபவன் சந்து என்று அவள் பேர் வைத்திருந்த ஒன்று, ஒரு பள்ளிக்கூடத்துத் தெரு, சிவாஜிநகரில் துணிக்கடைச் சந்து. அந்தச் சந்தில் யார் செத்தார் என்று அவளுக்குத் தெரியாது.

அனுமதிக்கப்பட்ட பிழை அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனால் மரியாதைக்காகத் தலையாட்டினாள். சொத்துவரி வரைபட வேலைக்கு ஒரு திறமையான ஆள் கேட்டிருந்தார்கள். நான் அவள் பெயரைச் சொன்னேன். அவள் முன்னேற்றத்துக்கு அது நல்லதுதான். அவள் போன பிறகு அந்தப் பழைய காப்பியை அழித்தேன். டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

நகர்ந்த கோட்டுக்கு ஒரு அடையாளம் வைத்து, அடையாளம் இருந்தால் தொடாதே என்று சேர்த்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். அதற்காகப் பதிவுகள் இருக்கும் டேபிளில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். வேகம் குறையும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் அதை விட்டது சரியான முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். சௌம்யா சொன்னதைக் கேட்ட பிறகாவது நஞ்சுண்டப்பா மீதிருந்த கோபம் எனக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அதுவரை அது வருவதும் போவதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நிலையாக நின்றது.

செய்முறை எளிது. தெரு தோண்ட அனுமதி கேட்பவர்களின் விவரம் எங்கள் டேட்டாபேஸிலேயே இன்னொரு டேபிளில் இருக்கும். எந்தத் தெரு, எந்தக் கான்ட்ராக்டர் என்று. நஞ்சுண்டப்பாவின் அனுமதிகளில் எங்காவது ஆழமில்லாத கேபிள் ஓடுகிறதா என்று கேட்டேன். ஆடுகோடியில், ஒர்க் ஷாப்புகள் இருக்கும் ஒரு தெருவில் ஓடியது. கீழே பாறை. அந்தக் காலத்தில் பதித்தவர்கள் பாறையை உடைக்கச் சோம்பல்பட்டு, மேலாகவே போட்டு மண்ணைத் தள்ளியிருந்தார்கள். ஒரு சாண் ஆழம் என்று பதிவில் இருந்தது. தெருவின் கிழக்குப் பக்கம் ஓடி, வடக்கு முனையைத் தொட்டுத் திரும்பியது. அந்தப் படம் சரியாக இருந்தது.

அந்த ஒரு கோட்டைத் தெருவின் மேற்குப் பக்கம் மாற்றினேன். கோடு மேற்கில் இருந்தால் பள்ளம் கிழக்கில் வெட்ட வேண்டும். பள்ளத்தின் வடகிழக்கு முனையில் பூஜை நடக்கும். அண்ணன் போன பிறகு நஞ்சுண்டப்பா சோதனைக் குழி போடாமல் எதையும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் முதல் குத்து சோதனைக் குழிக்கும் முன்னால். அது வேலையில் சேர்த்தி இல்லை, சாமி காரியம்.

பதிவின் எண்ணைக் கொடுத்து நேராக அந்த ஒன்றை மட்டும் தொட்டேன். எண்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு கச்சிதமான அப்டேட்டை நான் எழுதியதில்லை.

படம் வாங்க அவரே வந்தார். விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இது சரியாப் பாத்தீங்களா சார்?"

"இந்தத் தெருவ நானே தனியாப் பாத்தேன்."

"நீங்களே பாத்தீங்கன்னா எனக்கு நிம்மதி." படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருட்டினார். போகிறவர் திரும்பி நின்றார். "ஜெயவேலு சம்சாரத்துக்கு எம்மேல கோபம் இன்னும் இருக்கா சார்? அன்னைக்குத் தண்ணிகூடக் குடுக்கல."

"போயிடும்" என்றேன்.

நான் அங்கே போகவில்லை. ஆபீசில் வேறு வேலை இருந்தது. கஸ்தூரிரங்கன் வந்து சொன்னபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். நஞ்சுண்டப்பா தேங்காய் உடைத்திருக்கிறார், கடப்பாரையை ஓங்கியிருக்கிறார், அவ்வளவுதான். மரகதம் என்ற கூலிப் பெண் தண்ணீர் தெளித்துவிட்டுச் செம்போடு பக்கத்தில் நின்றிருக்கிறார். விழுந்த நஞ்சுண்டப்பாவை இழுக்கப் போய் அவரும் போய்விட்டார். செத்தது இரண்டு பேர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் தொட்டது ஒரே ஒரு பதிவை. மரகதம் அதில் இல்லை.

அந்த வாரக் கடைசியில் தங்கவயலுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன்.

"நஞ்சுண்டப்பா செத்துட்டாரு அண்ணி. ஒயருல. அண்ணன் மாதிரியே."

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏதாவது ஒன்றை எதிர்பார்த்தேன்.

"அவங்க வீட்ல யாரு இருக்காங்க?" என்றார்.

"தெரியல அண்ணி."

"ஒரு நட போய்ப் பாத்துட்டு வரணும். அன்னைக்கு நான் தண்ணி குடுக்காம விட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தடவயும் குழி போடலயா?" என்றார்.

"போடல."

"படம்?"

"படம் சரியாத்தான் இருந்துச்சு அண்ணி."

அவர் தலையாட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதற்குள் பழைய இடத்தில் திருப்பி வைத்திருக்கலாம். ஒரு வரி வேலை. என் பெயரையும் எடுத்திருக்கலாம். அதுவும் ஒரு வரிதான். மின் இலாகா ஆட்கள் தோண்டிப் பார்த்துவிட்டு, கோடு ஏன் எதிர்ப்பக்கம் இருக்கிறது, கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டபோது, அங்கே என் பெயர்தான் இருந்தது. நான் மறக்கவில்லை. ஜெயவேலுவின் சாவுக்கு ஒருவன் பதில் கேட்டிருக்கிறான் என்று எங்காவது பதிவாக வேண்டும் என்று நினைத்தேன். விசாரணை அறிக்கையில் அது வரவில்லை. இதிலாவது வரட்டும்.

ஆக, நஞ்சுண்டப்பாவைக் கொன்றது நான்தான். திட்டமிட்டுச் செய்தேன். யாருக்கும் இதில் பங்கில்லை. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் காலையிலிருந்து கேட்கும் அந்த இன்னொரு விஷயம். சௌம்யா உங்களிடம் வந்து பேசியிருக்கிறாள் என்று தெரிகிறது. அவள் சொன்னது உண்மை. ஓரத்துக் கோடுகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. இன்றைக்கும் யாராவது படம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பழைய காப்பி இல்லை, கஸ்தூரிரங்கன் எடுத்துக் காட்டும் குவெரியில் அந்த எண்களும் இல்லை; கட்டங்களை எந்த அளவில் வெட்டினேன், எங்கிருந்து தொடங்கினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அது தெரிந்தால் எந்தெந்தக் கோடு என்று பிரித்துவிடலாம். வடக்கே ஒரு அளவு திருப்பி நகர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும். குவெரி என் தலையில் முழுதாக இருக்கிறது. காகிதத்தில் எழுதினால் ஐந்தாறு வரிதான் வரும்.

அதை மட்டும் கேட்காதீர்கள். அதை ஓடவிட்டால் சிவாஜிநகர் சந்துக் கோடும் நகரும். நகர்ந்து போய், என் அண்ணன் கடப்பாரையைப் போட்ட இடத்தில் நிற்கும். அப்புறம் நஞ்சுண்டப்பாவை எதற்காகக் கொன்றேன் என்று என் அண்ணியிடம் நான் என்ன சொல்வது?